‘கூடிய விரைவில்’ என்றால் எப்போது?



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஓர் ஆங்கிலச் சொற்றொடர்: ‘ஆஸ் ஸூன் ஆஸ் பாசிபிள்’. நம்மில் இதை எழுதாதவர் இருக்க முடியாது. விண்ணப்பத்தின் கடைசி வரியில் எழுதுகிறோம், மேலதிகாரியின் குறிப்பில் படிக்கிறோம். மின்னஞ்சல்களில் ‘ஏ.எஸ்.ஏ.பி.’ என்று நான்கு எழுத்தாகவும் சுருங்கிவிட்டது. தமிழில் ‘கூடிய விரைவில்’, ‘இயன்ற விரைவில்’, ‘எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம்’ என்றெல்லாம் சொல்கிறோம்.

இவ்வளவு பழகிய தொடருக்கு ஒரு சொற்பொழிவு தேவையா என்று நீங்கள் கேட்கலாம். இந்தத் தொடர் இந்திய அரசமைப்புச் சட்டத்தில் இருக்கிறது. அதன் பொருள் என்ன என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு வரை சென்றிருக்கிறது. அந்தக் கேள்வியை எழுப்பிய வழக்குகளில் முதன்மையானது நம் தமிழ்நாட்டின் வழக்கு. ஆகவே இதன் பொருளை நாம் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘கூடிய விரைவில்’ என்பது செய்ய வேண்டியவருக்கு அளிக்கப்பட்ட சலுகை அல்ல, அவர்மேல் சுமத்தப்பட்ட கடமை. ஆனால் அந்தக் கடமை தானாக நிற்பதில்லை. அருகில் ஒரு கெடு இருக்க வேண்டும். கெடு வைக்க முடியாத இடத்தில், தாமதத்துக்கு விளக்கம் கேட்கும் அதிகாரம் யாரிடமாவது இருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் காத்திருப்பவர் காத்திருந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

முதலில் இலக்கணத்தைப் பார்ப்போம். இது வினைக்கு அடையாக வரும் தொடர். ஒரு செயல் எப்போது நடக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. ‘ஆஸ்... ஆஸ்’ என்ற அமைப்பு இரண்டு அளவுகளைச் சமமாக வைக்கிறது. ஒரு பக்கம் விரைவு, மறு பக்கம் இயலுமை. எந்த அளவுக்கு இயலுமோ அந்த அளவுக்கு விரைவு. நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டால் இது மிகக் கடுமையான கட்டளை. ஒரு வேலையை நாளைக்கு முடிக்க இயலும் என்றால், நாளை மறுநாள் முடிப்பதே கட்டளையை மீறியதாகிவிடும். ‘ஆறு வாரத்துக்குள்’ என்று சொன்னால் ஐந்து வாரம் கோப்பைத் தொடாமல் இருக்கலாம், ஆறாவது வாரத்தில் கையெழுத்திடலாம், யாரும் குறை சொல்ல முடியாது. ‘கூடிய விரைவில்’ என்பது அந்த ஐந்து வாரத்தைக்கூடத் தருவதில்லை.

அப்படியானால் நடைமுறையில் இது ஏன் தளர்ந்த சொல்லாகிவிட்டது? மூன்று கேள்விகளுக்கு இந்தத் தொடர் விடை சொல்வதில்லை. கணக்கு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது? யாருக்கு இயன்ற விரைவு? இயன்றதா இல்லையா என்று தீர்மானிப்பவர் யார்? ‘பாசிபிள்’ என்ற சொல்லில் எழுவாய் இல்லை. நம் ‘இயன்ற’ என்ற பெயரெச்சத்திலும் அப்படித்தான், யாரால் இயன்றது என்பது மறைந்து நிற்கிறது. அந்த வெற்றிடத்தில் வேலையைக் கையில் வைத்திருப்பவரே வந்து அமர்ந்துகொள்கிறார். தொடங்கும் நாளை அவரே வைக்கிறார், இயலுமையை அவரே அளக்கிறார், தீர்ப்பையும் அவரே சொல்லிக்கொள்கிறார்.

ஆங்கில மொழியின் வரலாறும் இங்கே ஒரு செய்தி சொல்கிறது. ‘ஸூன்’ என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘உடனே’ என்பதே பொருள். இன்று அது ‘சீக்கிரத்தில்’ என்று நெகிழ்ந்துவிட்டது. ‘அனான்’ என்ற பழஞ்சொல் ‘அக்கணமே’ என்ற பொருளில் தொடங்கி, ‘சற்று நேரத்தில்’ என்று ஆகிப் பிறகு வழக்கொழிந்தது. ‘பிரசன்ட்லி’ ஒரு காலத்தில் ‘இப்போதே’ என்றிருந்தது, பிறகு பிரிட்டிஷ் வழக்கில் ‘கொஞ்ச நேரம் கழித்து’ என்றாகிவிட்டது. ‘பை அண்ட் பை’ என்பதும் 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் ‘உடனடியாக’ என்ற பொருளில் வருகிறது, இன்றைய ஆங்கிலத்தில் அது ‘நாளடைவில்’. உடனே செய்வதாகச் சொல்லிவிட்டு மனிதர்கள் தாமதித்திருக்கிறார்கள். கேட்டவர்களும் அந்தத் தாமதத்தையே சொல்லின் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்ததால் சொற்களே தளர்ந்துபோயின. ‘ஸூன்’ என்ற தளர்ந்த சொல்லோடு ‘பாசிபிள்’ என்ற சொல்லைச் சேர்த்து மீண்டும் இறுக்கிக் கட்டும் முயற்சி என்றே நான் இந்தத் தொடரைப் பார்க்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆங்கில ஆவணங்களில் காலத்தைக் குறிக்கும் தொடர்கள் ஒரே எடை கொண்டவை அல்ல. ‘ஃபோர்த்வித்’ என்றால் வேறு வேலைக்கு இடம் கொடுக்காமல் உடனடியாக. ‘ஆஸ் ஸூன் ஆஸ் பாசிபிள்’ என்றால் தடை ஏதும் இருந்தால் அது நீங்கியவுடன். ‘அட் யுவர் ஏர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்’ என்பது பணிவான வேண்டுகோள், அங்கே அளவுகோல் பெறுபவரின் வசதி. ‘இன் டியூ கோர்ஸ்’ என்றால் வரிசைப்படி, அதற்குரிய முறையில், உரிய காலம் வரும்போது. இந்த நான்கையும் ‘விரைவில்’ என்ற ஒரே சொல்லால் மொழிபெயர்த்துவிடுகிறோம். அப்போது மூலத்தில் இருந்த கட்டளையும் வேண்டுகோளும் காத்திருப்பும் ஒன்றாகிவிடுகின்றன. அரசாணையிலோ ஒப்பந்தத்திலோ இந்த வேறுபாடு அழிந்தால் அதனால் பாதிக்கப்படுவது தமிழில் மட்டும் படிக்கத் தெரிந்த குடிமகன்.

இனி அரசமைப்புச் சட்டத்துக்கு வருவோம். இந்தத் தொடர் எப்படி வேலை செய்கிறது என்பதை அங்கே பக்கம் பக்கமாகப் பார்க்கலாம்.

குடியரசுத் தலைவர் பதவிக்காலத்தின் நடுவில் இறந்தாலோ விலகினாலோ புதிய தேர்தல் எப்போது நடக்க வேண்டும்? 62ஆம் பிரிவு விடை சொல்கிறது: இடம் காலியானபின் கூடிய விரைவில், எப்படியும் ஆறு மாதத்துக்கு மேற்படாமல். ஜாகிர் உசேன் 1969 மே 3 அன்று காலமானார். ஆகஸ்ட் 16 அன்று தேர்தல் நடந்தது, ஆகஸ்ட் 24 அன்று வி.வி. கிரி பதவியேற்றார். பக்ருதீன் அலி அகமது 1977 பிப்ரவரி 11 அன்று காலமானார். நெருக்கடி நிலையின் கடைசிக் கட்டம், பொதுத் தேர்தல், ஆட்சி மாற்றம் எல்லாம் இடையில் வந்தன. ஆயினும் ஜூலை 25 அன்று நீலம் சஞ்சீவ ரெட்டி பதவியேற்றார். இரண்டு முறையும் ஆறு மாதக் கெடு தாண்டப்படவில்லை.

அடுத்து 68ஆம் பிரிவு. குடியரசுத் துணைத் தலைவர் பதவி இடையில் காலியானால் தேர்தல் கூடிய விரைவில் நடக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அவ்வளவுதான். ஆறு மாதம் என்ற சொல் அங்கே இல்லை. 2025 ஜூலை 21 அன்று ஜகதீப் தன்கர் பதவி விலகினார். செப்டம்பர் 9 அன்று தேர்தல் நடந்தது, செப்டம்பர் 12 அன்று திருப்பூரைச் சேர்ந்த சி.பி. ராதாகிருஷ்ணன் பதவியேற்றார். கெடு இல்லாமலேயே இரண்டு மாதத்துக்குள் வேலை முடிந்தது. கெடு இல்லாத இடத்திலும் இந்தத் தொடர் உயிரோடு இருக்க முடியும் என்பதற்கு இது சான்று. நடத்த வேண்டியது தேர்தல் ஆணையம், அதற்கு வேறு நோக்கம் இல்லை. நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது. தள்ளிப்போடுவதால் யாருக்கும் பெரிய ஆதாயமும் இல்லை. அத்தகைய சூழலில் ‘கூடிய விரைவில்’ என்பது தன் நேர்ப்பொருளிலேயே நடக்கிறது.

தள்ளிப்போடுவதால் ஒருவருக்கு ஆதாயம் இருக்கும் இடத்தில் என்ன ஆகும்? 22ஆம் பிரிவைப் பாருங்கள். கைது செய்யப்பட்டவருக்குக் கைதின் காரணத்தைக் கூடிய விரைவில் தெரிவிக்க வேண்டும் என்கிறது முதல் உட்பிரிவு. அவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது இரண்டாவது உட்பிரிவு. இந்த இரண்டில் நாட்டு மக்களின் நாவில் நிற்பது எது? கிராமத்தில் கேட்டாலும் ‘இருபத்துநாலு மணி நேரம்’ என்பார்கள். மகனைக் காவல் நிலையத்தில் தேடி நிற்கும் தாய்க்கு அந்த எண் ஒரு பிடி. அதைச் சொல்லி அவர் வாதாட முடியும்.

அதே 22ஆம் பிரிவில் தடுப்புக் காவலைப் பற்றிய ஐந்தாவது உட்பிரிவும் இருக்கிறது. அங்கே கெடு இல்லை, கூடிய விரைவில் என்ற பொருள்படும் ‘ஆஸ் ஸூன் ஆஸ் மே பி’ என்ற தொடர் இருக்கிறது. காவலில் வைக்கப்பட்டவர் அனுப்பும் முறையீட்டை அரசு எவ்வளவு காலத்தில் பரிசீலிக்க வேண்டும் என்ற கேள்வி அப்துல்லா குன்ஹி வழக்கில் அரசமைப்பு அமர்வின் முன் வந்தது. இத்தனை நாள் என்று வரையறுக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தச் சொற்கள் சட்டம் இயற்றியவர்களின் அவசர உணர்வைக் காட்டுகின்றன, அலட்சியத்துக்கும் மெத்தனத்துக்கும் அங்கே இடமில்லை என்றும் சொன்னது. விளக்கம் இல்லாத தாமதம் இருந்தால் காவல் உத்தரவே செல்லாமல் போகும் என்பது அந்த வழியில் நிலைபெற்றிருக்கும் சட்டம். இங்கே கெடுவின் இடத்தை விளக்கம் சொல்லும் கடமை எடுத்துக்கொள்கிறது. ஒரு மனிதனின் விடுதலை தொடர்பான விஷயத்தில் நீதிமன்றம் அந்தத் தொடருக்குப் பல் கொடுத்திருக்கிறது.

இனி 200ஆம் பிரிவு. பேரவையில் நிறைவேறிய மசோதா ஆளுநரிடம் போகிறது. பண மசோதா அல்லாத ஒன்றை மறுபரிசீலனைக்காக அவர் திருப்பி அனுப்ப விரும்பினால், அதைக் கூடிய விரைவில் அனுப்ப வேண்டும். குடியரசுத் தலைவருக்கு இதே போன்ற ஏற்பாடு 111ஆம் பிரிவில் இருக்கிறது. இந்த 111ஆம் பிரிவு வரைவு நிலையில் 91ஆம் பிரிவாக இருந்தது. அந்த வரைவில் ‘ஆறு வாரத்துக்கு மேற்படாமல்’ என்றே எழுதியிருந்தார்கள். 1949 மே மாதத்தில் அரசமைப்பு நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் கொண்டுவந்த திருத்தத்தால் அந்தச் சொற்கள் நீங்கி, ‘ஆஸ் ஸூன் ஆஸ் பாசிபிள்’ வந்தது. சபை உறுப்பினர் எச்.வி. காமத் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை, திட்டமான காலவரம்பு இருக்க வேண்டும் என்று வாதிட்டார். சபை அம்பேத்கரின் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? நான் முன்பு சொன்ன இலக்கணத்தை நினைத்துப் பாருங்கள். நேர்ப்பொருளில் ஆறு வாரத்தைவிடக் ‘கூடிய விரைவில்’ கடுமையானது. உயர்ந்த பதவியில் இருப்பவர் தன் கடமையைத் தானே உணர்ந்து செய்வார் என்ற நம்பிக்கை இருந்தால், எண் தேவையில்லை. சட்டம் அந்த நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது.

தமிழ்நாட்டில் என்ன நடந்தது? 2020 ஜனவரிக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையில் பேரவை நிறைவேற்றிய 12 மசோதாக்கள் ஆளுநருக்கு அனுப்பப்பட்டன. அவற்றில் பல பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் தொடர்பானவை. அவை நிலுவையில் இருந்தபோது மாநில அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. 2023 நவம்பர் 13 அன்று 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் நிறுத்திவைக்கப்பட்டது. நவம்பர் 18 அன்று சிறப்புக் கூட்டம் கூட்டிப் பேரவை அந்தப் பத்தையும் மீண்டும் நிறைவேற்றியது. நவம்பர் 28 அன்று அவை குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பட்டன. இதே நவம்பரில் பஞ்சாப் மாநில வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இந்தத் தொடரைப் பற்றிப் பேசியது. மசோதாவைக் காலவரையின்றிக் கிடப்பில் போட ஆளுநருக்கு உரிமை இல்லை, ‘கூடிய விரைவில்’ என்பது விரைந்து செயல்படும்படி அரசமைப்பு இடும் கட்டளை என்று தெளிவுபடுத்தியது.

தமிழ்நாட்டு வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. அந்தப் பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகக் கொள்ளப்படும் என்றது. ஒரு மாதம், மூன்று மாதம் என்று சூழலுக்கேற்பக் காலவரம்புகளையும் வகுத்தது. அதாவது, தொடரின் அருகில் இல்லாத எண்ணை நீதிமன்றம் எழுதிச் சேர்த்தது. மே 13 அன்று குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். நவம்பர் 20 அன்று தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு தன் கருத்தைத் தெரிவித்தது. அரசமைப்பில் இல்லாத காலவரம்பை நீதிமன்றம் விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்வதும் இயலாது என்றது. அதே நேரத்தில், விளக்கமற்ற, முடிவற்ற, நீண்ட செயலின்மை இருந்தால் நியாயமான காலத்துக்குள் முடிவெடுக்கும்படி நீதிமன்றம் ஆணையிடலாம் என்றும் சொன்னது.

இந்த இரண்டு நிலைப்பாடுகளில் எது சரி என்று சட்ட அறிஞர்கள் வாதிடட்டும். மொழியைக் கவனிக்கும் எனக்கு ஒன்று புலப்படுகிறது. இரண்டு அமர்வுகளுமே ‘கூடிய விரைவில்’ என்பதை ‘விரும்பும்போது’ என்று படிக்கவில்லை. ஓர் அமர்வு எண்ணைத் தேடியது, மற்றொன்று விளக்கத்தைத் தேடியது. எண்ணை எழுதும் உரிமை சட்டம் இயற்றுபவர்களுடையது என்றால், அவர்கள்தான் எழுத வேண்டும். மத்திய–மாநில உறவுகளை ஆராய்ந்த புஞ்சி ஆணையம் 2010-இல் ஆளுநருக்கு ஆறு மாதக் காலவரம்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1949-இல் குடியரசுத் தலைவருக்கான பிரிவிலிருந்து நீக்கியது போன்ற ஓர் எண்ணை, ஆளுநருக்கு வேறோர் அளவில் எழுதலாம் என்று அரசமைத்த ஓர் ஆணையமே சொல்லியிருக்கிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. அமெரிக்காவில் இதன் உடன்பிறப்பான ஒரு தொடரால் ஒரு தலைமுறைக் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். பள்ளிகளில் நிறத்தின்படி மாணவர்களைப் பிரிப்பது அரசமைப்புக்கு முரண் என்று 1954 மே 17 அன்று பிரவுன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எப்போதிலிருந்து அதைச் செயல்படுத்துவது? அதற்கான ஆணை 1955 மே 31 அன்று வந்தது. அதில் ‘வித் ஆல் டெலிபரேட் ஸ்பீட்’ என்று எழுதினார்கள், ஆலோசித்து விரைந்து என்று பொருள் சொல்லலாம். கெடு இல்லை. தென் மாநிலங்கள் விரைவை விட்டுவிட்டு ஆலோசனையை மட்டும் பிடித்துக்கொண்டன. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம் 1959-இல் தன் பொதுப் பள்ளிகளையே மூடிவிட்டது, 1964 வரை திறக்கவில்லை. 1963–64 கல்வியாண்டில், உள்நாட்டுப் போரின்போது பிரிந்து நின்ற 11 தென் மாநிலங்களில், வெள்ளையரோடு சேர்ந்து படித்த கறுப்பினக் குழந்தைகள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. 1969 அக்டோபரில் மிசிசிப்பி தொடர்பான அலெக்சாண்டர் வழக்கில்தான் அந்தத் தொடரை நீதிமன்றம் கைவிட்டு, உடனே முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஆணையிட்டது. 1955-இல் முதல் வகுப்பில் சேர்ந்த ஒரு குழந்தை அதற்குள் பள்ளிப் படிப்பையே முடித்து வெளியேறியிருக்கும்.

நண்பர்களே, ‘கூடிய விரைவில்’ என்பதைச் சரியாக எழுதத் தெரிந்த ஒரு சட்டத்தையும் சொல்ல விரும்புகிறேன். 2005-இல் இயற்றப்பட்ட தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு அது. கேட்ட தகவலை இயன்ற அளவு விரைவாகத் தர வேண்டும், எப்படியும் 30 நாட்களுக்குள் தர வேண்டும். ஒருவரின் உயிரோ சுதந்திரமோ தொடர்பானது என்றால் 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கணக்கு எப்போது தொடங்கும்? கோரிக்கை கிடைத்த நாளிலிருந்து. பதிலே வராவிட்டால்? மறுத்ததாகவே கருதி மேல்முறையீடு செய்யலாம். காலம் தாழ்த்தித் தகவல் தந்தால் கட்டணம் வாங்கக் கூடாது. நியாயமான காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதம். நான் முதலில் எழுப்பிய மூன்று கேள்விகளுக்கும் இங்கே விடை இருக்கிறது. ‘இயன்ற விரைவு’ என்ற தொடரை அவர்கள் நீக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். கெடு மட்டும் இருந்தால் எல்லாரும் முப்பதாம் நாள்வரை இழுப்பார்கள். தொடர் மட்டும் இருந்தால் முடிவே இருக்காது. தொடர் விரைவைக் கேட்கிறது, எண் எல்லையைக் காட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் வாக்கியம் முழுமையாகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. எல்லா வேலைக்கும் முன்கூட்டியே நாள் குறிக்க முடியுமா? வெள்ளத்தில் சாய்ந்த மின்கம்பங்களை எந்த நாளில் நிமிர்த்த முடியும் என்று மழை ஓயுமுன் யார் சொல்வார்? சிக்கலான மசோதாவும் எளிய மசோதாவும் ஒரே கால அளவில் ஆராயப்பட வேண்டுமா? உண்மைதான், நெகிழ்வு தேவைப்படும் இடங்கள் உண்டு. அத்தகைய இடங்களில் எண்ணுக்குப் பதில் வேறொன்றை எழுதலாம்: தாமதமானால் காரணத்தை யாருக்கு, எப்போது தெரிவிப்போம் என்பது. மின்கம்பம் எப்போது நிமிரும் என்று சொல்ல முடியாத அதிகாரி, நாளைக் காலை பத்து மணிக்கு நிலவரத்தை அறிவிப்பேன் என்று சொல்ல முடியும். இருட்டில் இருப்பவர்களுக்கு அதுவும் ஒரு கெடுதான்.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். சட்டம் பயிலும் மாணவர்களே, நாளை நீங்கள் ஒப்பந்தமோ விதியோ வரையும்போது இந்தத் தொடர் பேனா முனையில் வந்து நிற்கும். அதை எழுதுங்கள், எழுதிவிட்டு ‘எப்படியும் இத்தனை நாளுக்குள்’ என்று சேருங்கள். மொழிபெயர்ப்பாளர்களே, மூலத்தில் கட்டளை இருந்தால் தமிழிலும் கட்டளை இருக்கட்டும். ‘விரைவில்’ என்று மட்டும் எழுதி அதைத் தளர்த்திவிடாதீர்கள். அலுவலர்களே, உங்கள் மேசையில் இருக்கும் மனுவின் மறுபுறத்தில் ஒரு மனிதர் இருக்கிறார். ‘கூடிய விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற பதிலில் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ‘இந்த மாதம் 20ஆம் தேதிக்குள்’ என்ற பதிலில் அவர் தன் வாழ்க்கையைத் திட்டமிட முடியும். கடன் வாங்குவதா, பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பதா, ஊருக்குத் திரும்புவதா என்று முடிவெடுக்க முடியும்.

குடிமக்களாகிய நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. ‘கூடிய விரைவில்’ என்று எழுதிய கடிதம் கையில் கிடைத்தால் அத்தோடு அமைதியாகிவிட வேண்டாம். எந்தத் தேதிக்குள் என்று திருப்பி எழுதிக் கேளுங்கள். அந்தத் தேதி தாண்டினால் ஏன் என்று கேளுங்கள். நாம் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் இந்தத் தொடர் தன் பொருளை இழக்காமல் இருக்கும்.